பிள்ளையின் கையில் பொருளை ஒப்படைக்கும் முன்





நமது பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக் கொடுப்பதற்குக் குர்ஆன் மத்ரஸா இருக்கின்றது. கணக்குக் கற்றுக் கொடுப்பதற்குப் பாடசாலையும், அது போதாதென்று டியூஷன் வகுப்பும் இருக்கின்றன. ஆனால், கையில் வந்த பொருளை எப்படி வைத்துக்கொள்வது, எப்படிச் செலவிடுவது என்பதை அவர்களுக்கு யார் கற்றுக் கொடுக்கின்றார்கள்? பெரும்பாலான வீடுகளில் இதற்கென இருப்பது ஒரே ஒரு பாடம்தான்: "காசை வீணாக்காதே." பிள்ளை கேட்கும்போது சில நாள் கொடுக்கின்றோம், சில நாள் ஏசுகின்றோம். இப்படியே பதினெட்டு, இருபது வருடங்கள் கழிகின்றன. பின்னர் ஒரு நாள், தந்தையின் கடைச் சாவியோ, வெளிநாட்டு வேலையின் முதல் சம்பளமோ, தவணைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளோ அந்த இளைஞனின் கைக்கு வந்து சேர்கின்றது. அதுவரை ஐந்நூறு ரூபாவைக்கூடத் தன் பொறுப்பில் வைத்துக் கணக்குக் காட்டியிராதவன் இலட்சங்களுக்குப் பொறுப்பாளி ஆகின்றான். சில மாதங்களில் கடன், அதன் பின்னர் உம்மாவின் நகை அடகு, அதன் பின்னர் குடும்பத்துக்குள் மனக்கசப்பு. இதை நாம் ஒவ்வோர் ஊரிலும் காண்கின்றோம்.

பிள்ளையின் பிழை என்று இதைச் சொல்லிவிட முடியாது. பரீட்சை வைக்காமலேயே நாம் சான்றிதழ் கொடுத்துவிட்டோம் என்பதே உண்மை.

பரீட்சை என்ற சொல்லை நாம் வெறுமனே உவமைக்காகப் பயன்படுத்தவில்லை. அல்குர்ஆனே இச்சொல்லைப் பயன்படுத்துகின்றது. சூரா அந்நிஸாவின் ஆரம்ப வசனங்கள் அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசுகின்றன. அதன் ஐந்தாம் வசனம், அறிவு முதிராதவர்களின் கையில் செல்வத்தைக் கொடுத்துவிட வேண்டாம் என்று தடுக்கின்றது. எனினும் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, அவர்களோடு நல்ல முறையில் பேசுமாறும் அதே வசனம் பணிக்கின்றது. ஆறாம் வசனமோ, அந்த அநாதைகள் திருமண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்துப் பார்க்குமாறும், அவர்களிடம் 'ருஷ்த்' என்னும் தெளிவைக் கண்டால் அவர்களது சொத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிடுமாறும் கட்டளையிடுகின்றது. வயது வந்துவிட்டது என்பது மாத்திரம் இங்கு போதுமான நிபந்தனையாக இல்லை. தெளிவு காணப்பட வேண்டும். அத்தெளிவு தானாக வெளிப்படும் வரை காத்திருக்கும்படியும் சொல்லப்படவில்லை; சோதிக்கும்படி பொறுப்பாளர் ஏவப்படுகின்றார். அநாதையின் பாதுகாவலருக்கே இது கடமை என்றால், பெற்ற தாய் தந்தையரின் நிலையை நாம் விளக்க வேண்டியதில்லை.

சரி, எப்படிச் சோதிப்பது? இங்கேதான் நமது இமாம்களின் நுட்பமான பார்வை வெளிப்படுகின்றது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றிவரும் ஷாபிஈ மத்ஹபின் முக்கிய நூல்களில் ஒன்று, ஹிஜ்ரி 676 (கி.பி. 1277) இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' ஆகும். அதில் 'ஹஜ்ர்' என்றொரு பாடம் உண்டு. தமது சொத்தைத் தாமே கையாள்வதிலிருந்து தடுக்கப்பட்டவர்களைப் பற்றிய சட்டங்கள் அதில் இடம்பெறுகின்றன. சிறுவனின் தெளிவை எவ்வாறு சோதிப்பது என்பதையும் இமாமவர்கள் அங்கே விளக்குகின்றார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பரீட்சை இல்லை என்பது அவர்களது முதல் விதி. வியாபாரியின் மகன், வாங்குவதிலும் விற்பதிலும் விலை பேசுவதிலும் சோதிக்கப்படுவான். விவசாயியின் மகன், வேளாண்மையிலும் அதில் உழைப்போருக்குச் செலவு செய்வதிலும் சோதிக்கப்படுவான். கைத்தொழில் செய்பவரின் மகனுக்கு அவனது தொழில் சார்ந்த சோதனை. பெண்பிள்ளைக்கு நூல் நூற்றல், பஞ்சு ஆகியவற்றோடு, வீட்டு உணவைப் பூனை போன்றவற்றிடமிருந்து பாதுகாப்பதும் ஒரு சோதனை!

பூனையிலிருந்து உணவைக் காப்பது ஒரு சட்ட நூலில் இடம்பெறுவதைக் கேட்டு நேயர்கள் புன்னகைக்கலாம். ஆனால் இமாமவர்களின் நோக்கத்தைக் கவனியுங்கள். பொருளைப் பேணுதல் என்பது பணத்தோடு மட்டும் முடிவதில்லை. மூடி வைக்கப்படாத சட்டியும் பொருள் விரயம்தான் என்பதை ஒரு பெரும் சட்ட அறிஞர் எழுதிவைத்திருக்கின்றார். இன்று நமது வீடுகளில் இதை ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவருக்குமே உரிய பாடமாகக் கொள்வது பொருத்தமானது. குளிரூட்டியில் இருப்பது என்ன, எது முதலில் பழுதாகும் என்று பார்த்துச் சொல்லும் வேலையைப் பத்து வயது மகனுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இந்தச் சோதனை ஒரு தடவையோடு முடிந்துவிடக்கூடாது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் நிகழ வேண்டும் என்பதும் அந்நூலின் நிபந்தனையாகும். ஒரு தடவை சரியாக நடந்துகொண்டது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? அதன் காலமோ, பருவமடைவதற்கு முன்னர் என்பதே அங்கு முற்படுத்தப்படும் கருத்து. அதாவது, இளைஞனான பின்பு புத்தி சொல்லத் தொடங்குவதல்ல. சிறுவனாக இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும்.

நமது ஊர்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு, இந்தப் போகத்தில் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கூலிக்கும் எவ்வளவு சென்றது என்று எழுதும் பொறுப்பைக் கொடுக்கலாம். காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருப்பவர் தம் மகனை விடுமுறையில் கடையில் குந்தவைத்தால் மட்டும் போதாது. ஒரு சிறு சரக்கின் கொள்விலை, விற்ற விலை, எஞ்சிய சரக்கு ஆகிய மூன்றையும் அவனே கணக்கெடுக்க வேண்டும். பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரக் குடும்பங்களின் பிள்ளைகள் விலை பேசும் கலையைச் சிறு வயதிலேயே கண்டும் கேட்டும் வளர்கின்றார்கள். புத்தளத்தில் உப்பளத் தொழில் உண்டு. கரையோரமெங்கும் மீன்பிடி உண்டு. மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியரின் வீட்டிலோ, மாதத்தின் கடைசி வாரமே சோதனைக்குரிய காலம். தந்தை வளைகுடா நாட்டில் உழைக்க, இங்கே தாய் தனியே குடும்பம் நடத்தும் வீடுகளும் நம்மிடையே பல உண்டு. வாப்பா அனுப்பும் பணம் எத்தனை மணித்தியால வேலையால் வந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது அவசியம். அது தெரியாத பிள்ளைக்கு, பணம் என்பது மாதந்தோறும் வங்கியில் தானாக முளைக்கின்ற ஒன்றாகவே தோன்றும்.

அந்நூலில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சோதனைக் காலத்தில் சிறுவன் செய்யும் ஒப்பந்தம் ஷாபிஈ மத்ஹபின் ஏற்றமான கருத்தின்படி செல்லுபடியாகாது. ஆகவே சிறுவன் விலை பேசுவான். பேரம் முடிந்து வாங்கும் நேரம் வந்ததும் பாதுகாவலர் முன்வந்து ஒப்பந்தத்தைச் செய்வார். பாதுகாவலரின் அனுமதியோடு விபரமறிந்த சிறுவன் செய்யும் வியாபாரம் செல்லும் என்று ஹனபி, ஹன்பலி மத்ஹபுகள் கூறுகின்றன. சட்டத்தில் கருத்து வேறுபாடு இருப்பினும், பயிற்சியின் அமைப்பு ஒன்றே: பிள்ளை முன்னால் நிற்கின்றான், பெரியவர் பக்கத்தில் நிற்கின்றார். நாமோ இரண்டில் ஒன்றைச் செய்கின்றோம். ஒன்றில், எல்லாவற்றையும் நாமே வாங்கிக் கொடுத்துவிடுகின்றோம். அல்லது காசைக் கையில் திணித்து, "போய் வாங்கிக்கொள்" என்று அனுப்பிவிடுகின்றோம். பாடசாலைச் சப்பாத்து வாங்கப் போகும்போது, இவ்வளவுதான் பணம் என்று முன்கூட்டியே சொல்லி, இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்கும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நின்றால் என்ன? நேரம் செல்லும், உண்மைதான். ஆனால் அந்தப் பாடத்தைப் பிள்ளை மறக்கமாட்டான்.

விலை அறிதல் சிறிய விடயமன்று. தெளிவற்றவனின் அடையாளமாக, பொருளைப் பாழாக்குவதைக் குறிப்பிடும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதற்கு மூன்று உதாரணங்களைத் தருகின்றார்கள். கொடுக்கல் வாங்கலில் பெருத்த ஏமாற்றத்தைச் சகித்துக்கொண்டு போதல், பொருளைக் கடலில் எறிதல், ஹராமானவற்றில் செலவிடுதல் என்பனவே அவை. விலை தெரியாமல் ஏமாறுபவன், கடலில் எறிபவனோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றான். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறந்திருக்கமாட்டோம். அவ்வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற பெற்றோரோடு பிள்ளைகளும் நின்றார்கள். ஒரே நோட்டு, சென்ற வருடம் வாங்கியதில் பாதியைத்தான் இவ்வருடம் வாங்குகின்றது என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். வீட்டுச் செலவைப் பற்றிப் பிள்ளைகள் முன்னிலையில் பேசக்கூடாது என்ற பழைய வழக்கத்தை அப்போதே நாம் கைவிட்டிருக்க வேண்டும்.

மேற்கண்ட மூன்று உதாரணங்களுக்கும் பின்னர் அந்த நூல் சொல்வது பலருக்கு வியப்பைத் தரும். தர்மத்திலும் நற்காரியங்களிலும் செலவிடுவது, ஏன், ஒருவனது நிலைக்குச் சற்று மீறிய உணவிலும் உடையிலும் செலவிடுவதுகூட, பாழாக்குதல் என்னும் அந்தச் சட்ட வரையறைக்குள் வராது என்பதே ஏற்றமான கருத்து. அதற்காக ஆடம்பரம் விரும்பத்தக்கது என்று பொருளல்ல. சூரா அல்புர்கானின் 67 ஆம் வசனம் விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடைப்பட்ட நடுநிலையையே நல்லடியார்களின் பண்பாகக் கூறுகின்றது. ஆனால் பிள்ளை தன் காசில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றதற்காக "வீண்விரயம் செய்பவர் ஷைத்தானின் சகோதரர்" என்று அவனை ஏசும் பெற்றோர், கையில் இருக்கும் தராசைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அனுபவிக்கவே விடப்படாத பிள்ளை, பின்னாளில் கட்டுக்கடங்காமல் செலவிடுவதை நாம் பார்க்கின்றோம்.

இனி, பெற்றோருக்குச் சற்றுக் கசப்பான ஒரு விடயத்துக்கு வருவோம். பெருநாள் தினத்தில் மாமாவும் சாச்சாவும் பெரியம்மாவும் பிள்ளைகளின் கையில் காசு கொடுக்கின்றார்கள். மாலையாகும்போது, "கொண்டா மகன், உம்மா பத்திரமாக வைக்கின்றேன்" என்று அது வாங்கப்படுகின்றது. பிறகு அந்தக் காசு எங்கே போகின்றது? மின்சாரக் கட்டணத்துக்கும் மரக்கறிக்கும் போய்விடுகின்றது. பிள்ளை இரண்டு தடவை கேட்கும். மூன்றாம் தடவை கேட்காது. பொருளைப் பற்றி அந்தப் பிள்ளை பெற்ற முதல் பாடம் அதுதான்: நம்பிக் கொடுத்தது திரும்பி வராது!

பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது பிள்ளையின் சொத்தாகும். தந்தையின் கையில் அது அமானிதம். மகனும் அவனது செல்வமும் தந்தைக்கே உரியன என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் ஹனபி, மாலிகி, ஷாபிஈ மத்ஹபுகளின் அறிஞர்கள் அதனைத் தந்தையின் தேவையோடு மட்டுப்படுத்தியே விளங்கினார்கள். விரும்பியவாறு எடுத்துக்கொள்ளும் உரிமையாக அல்ல. அந்நிஸாவின் ஆறாம் வசனமே, பாதுகாவலர் வசதியுள்ளவராயின் அநாதையின் சொத்திலிருந்து எதையும் எடுக்காது தவிர்ந்துகொள்ளுமாறும், ஏழையாயின் நியாயமான அளவு மட்டும் எடுத்துக்கொள்ளுமாறும், அவர்கள் பெரியவர்களாகிக் கேட்டுவிடுவார்களே என்று அவசர அவசரமாக உண்டுவிட வேண்டாமென்றும் எச்சரிக்கின்றது. தேவை ஏற்பட்டு எடுத்தால், எடுத்ததைச் சொல்லிவிட்டு, எழுதி வைத்துத் திருப்பிக் கொடுங்கள். மகளுக்கென்று பிறந்த நாள் முதல் சேர்த்த நகையை வியாபாரத்துக்காக அடகு வைக்கும் தந்தையும் இதனைச் சிந்திக்க வேண்டும். அன்பளிப்பாக அவளுக்கே கொடுத்துவிட்ட நகை என்றால், அது அவளுடையது.

பிள்ளையின் சொத்தை எப்படிப் பேண வேண்டும் என்பதற்கு அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் முன்மாதிரி உண்டு. அவர்களது சகோதரர் முஹம்மத் இப்னு அபீபக்ரின் மகன் காஸிமும் அவரது சகோதரர் ஒருவரும் அநாதைகளாக அன்னையின் பராமரிப்பில் வளர்ந்தார்கள். அவர்களது சொத்திலிருந்து அன்னையவர்கள் ஸகாத் கொடுத்து வந்ததாகப் பின்னாளில் காஸிமே அறிவித்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது 'முவத்தா'வில் பதிவு செய்துள்ளார்கள். தம் பொறுப்பிலிருந்த அநாதைகளின் பணத்தை வியாபாரம் செய்வோரிடம் கொடுத்து அன்னையவர்கள் வளர்த்தார்கள் என்பதும் அதே நூலில் உள்ளது. ஸகாத் தின்று முடித்துவிடாதபடி அநாதைகளின் பொருளை வியாபாரத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரழி) அவர்கள் பணித்ததும் அங்கே இடம்பெறுகின்றது. சிறுவரின் சொத்திலும் ஸகாத் உண்டு என்பதே ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. பிள்ளையின் பெயரில் நிஸாப் அளவு பணம் ஒரு வருடம் நிலைத்திருந்தால், அதற்கான ஸகாத்தைப் பாதுகாவலர் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பிள்ளையை அருகில் அழைத்து, "இது உனது பணத்திலிருந்து ஏழைக்குரிய பங்கு" என்று சொல்லிக் கொடுத்தால், அந்த ஒரு நாள் பல உபதேசங்களுக்குச் சமமானதாகும். வங்கிகள் சிறுவர் கணக்குக்கு வட்டியும் பரிசுப் பொருட்களும் தருகின்றன. முதல் சேமிப்பே வட்டியோடு தொடங்குவதைத் தவிர்க்க விரும்புவோருக்கு இன்று வழி உண்டு. 2011 இல் அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. வேறு சில வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வட்டியில்லாப் பிரிவுகளை நடத்துகின்றன.

பிறருடைய பொருள் எது என்று பிரித்தறிவதும் தெளிவின் ஒரு பகுதியே. ஏனெனில் ஷாபிஈ மத்ஹபில் 'ருஷ்த்' என்பது மார்க்கத்திலும் பொருளிலும் சீராக இருத்தல் ஆகும். நபி (ஸல்) அவர்களிடம் ஸதகாவாக வந்த ஈத்தம்பழக் குவியலிலிருந்து, சிறுவராக இருந்த பேரர் ஹஸன் (ரழி) ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நபியவர்கள் உடனே அதை வெளியேற்றச் செய்து, நாம் ஸதகாவை உண்பதில்லை என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்ட சம்பவம் ஸஹீஹுல் புஹாரியில் உள்ளது. ஒரு பழம்தானே, குழந்தைதானே என்று விட்டுவிடவில்லை. அடிக்கவுமில்லை; காரணத்தைச் சொன்னார்கள். இன்று உம்மாவின் கைத்தொலைபேசியில் விளையாட்டுக்காக 'ரீலோட்' காசையும் வங்கி அட்டைப் பணத்தையும் கரைத்துவிடும் பிள்ளைக்குத் தேவைப்படுவது இத்தகைய உடனடித் திருத்தமே. தொலைபேசியைப் பறித்து ஒளித்துவைப்பதை விட, கரைந்த தொகையை அவனது கைச்செலவிலிருந்து வாரா வாரம் சிறுகச் சிறுகக் கழிப்பதே கூடுதல் பயன் தரும் என்பது நமது கருத்து. பணம் கண்ணுக்குத் தெரியாத எண்ணாக மாறிவிட்ட காலத்தில், அது குறைவதைப் பிள்ளை உணர்வதற்கு வேறு வழியில்லை.

கைச்செலவு என்றவுடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாளாந்தம் கேட்டுப் பெறும் காசால் பிள்ளை கேட்கும் கலையைத்தான் பழகும். வாரத்துக்கு ஒரு முறை, குறித்த நாளில், குறித்த தொகையைக் கொடுத்துவிடுங்கள். புதன்கிழமையே முடிந்துவிட்டதா? அடுத்த தவணை வரை மேலதிகமாகக் கொடுக்க வேண்டாம். பசியோடு விட வேண்டியதில்லை. வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக் கொடுங்கள். சிறு வயதில் ஐந்நூறு ரூபாவில் நேரும் தவறு மலிவானது. இருபத்தைந்து வயதில் அதே தவறு ஐந்து இலட்சமாகிவிடும். தொகை சிறிதாயினும், பிள்ளைகளுக்கிடையே நீதி தவற வேண்டாம். மகன் நுஃமானுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபியவர்களைச் சாட்சியாக்க வந்த பஷீர் (ரழி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டதும், இல்லை என்றபோது பிள்ளைகளிடையே நீதியாக நடக்குமாறு பணித்ததும் பிரபல்யமான ஹதீஸாகும்.

கடனைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அது சூரா அல்பகராவின் 282 ஆம் வசனம். சிறிதோ பெரிதோ, தவணை குறித்து எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்று அது கூறுகின்றது. நமது வீடுகளில் தம்பி நானாவிடம் இருநூறு ரூபா கைமாற்று வாங்கினால், "அண்ணன் தம்பிக்குள் கணக்கென்ன" என்று நாமே அதனை அழித்துவிடுகின்றோம். அதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். திகதி போடச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு பேர் சாட்சியாக இருக்கட்டும். பின்னாளில் சீட்டுக்குப் போடும் பணத்தையும், கடைக்காரரின் கணக்குக் கொப்பியையும், லீசிங் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களையும் அந்தப் பிள்ளை வாசிக்காமல் கையொப்பமிடமாட்டான். இளைஞர்களே, தொலைபேசி வழியாக நிமிடங்களில் கடன் தருவதாக அழைக்கும் விளம்பரங்கள் உங்களை நோக்கியே வருகின்றன. அதில் வட்டி ஹராம் என்பது ஒருபுறமிருக்க, மொத்தமாக எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இறுதியாக, ஒப்படைக்கும் நாள். 18 வயது பூர்த்தியானால் வங்கியில் தன் பெயரில் கணக்கை நடத்தலாம். மார்க்கச் சட்டமோ பருவ வயதோடு தெளிவையும் சேர்த்துக் கேட்கின்றது. தெளிவு வராதவனின் சொத்தை எதுவரை தடுத்துவைப்பது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 25 வயதானதும் கொடுத்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. தெளிவு காணப்படும் வரை கொடுக்கப்படாது என்பது ஏனைய இமாம்களின் கருத்து. இதற்கு மறுபக்கமும் உண்டு. தெளிவு வந்த பின்னரும் கொடுக்காமல் வைத்திருப்பது அநீதியாகும். நாற்பது வயது மகன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் மருந்துச் செலவுக்குத் தந்தையின் முகத்தைப் பார்க்கும் கடைகள் நம் ஊர்களில் இல்லையா? முப்பது வருடம் பழக்கியும் நம்பத் தகாதவன் என்றால் பழக்கியவர் யார் என்ற கேள்வி எழும். நம்பத் தக்கவன் என்றால், அவனுக்குரியதை வைத்திருக்க நமக்கு ஏது உரிமை?

அந்த வசனம் ஒப்படைக்கும் முறையையும் சொல்லித் தருகின்றது: சொத்தைக் கொடுக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே, பிள்ளையின் பெயரில் இதுவரை வந்தவற்றை - பெருநாள் காசு, பாட்டனார் கொடுத்த தொகை, நகை, வங்கிப் புத்தகம் - ஒரு தாளில் எழுதுங்கள். எடுத்த தொகை இருந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் ஒரு நாளில், மாமாவையோ பெரியவர் ஒருவரையோ அழைத்து, அவர்கள் முன்னிலையில் அதனை வாசித்து, மகனின் அல்லது மகளின் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.